பூஜ்ய மீன்

என் ஆய்வகக் கதவில் மீன் குடலை வீசியவர்கள் யார் யாரென்று எனக்குத் தெரியும். போலீசுக்குப் போகவில்லை. சப்-இன்ஸ்பெக்டரின் மாமனாரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார் என்பதுதான் காரணம், பெருந்தன்மை ஒன்றும் கிடையாது. துறைமுகம் மூடிக் கிடந்த மூன்று வருடமும் காலையில் வந்ததும் முதல் வேலையாக வாளியில் தண்ணீர் பிடித்துக் கதவைக் கழுவுவேன். பிறகுதான் உள்ளே போய் வெள்ளைக் கோட்டு மாட்டுவேன்.

புன்னைமுனை நான் பிறந்த ஊர். என் அப்பா இதே கரையில் வள்ளம் தள்ளியவர். அரசாங்கம் இரண்டாயிரத்து ஐம்பத்து நான்கில் கடல் உணவுச் சோதனைச் சட்டம் கொண்டுவந்து, ஊருக்கு ஊர் ஆய்வகம் கட்டி, இங்கே பெனிட்டா மோத்தா என்று என் பெயரைப் பலகையில் எழுதிவைத்தது. வேதியியல் படித்த உள்ளூர்ப் பெண் என்றால் ஜனங்கள் அனுசரித்துப் போவார்கள் என்று யாரோ ஒரு புத்திசாலி யோசித்திருக்கிறார். வெளியூர்க்காரி என்றால் சும்மா திட்டியிருப்பார்கள். சொந்த ஊர்க்காரி என்பதால் என் பாட்டி வரைக்கும் தோண்டி எடுத்துத் திட்டினார்கள்.

சோதிக்க வேண்டிய சாமானுக்குச் சட்டத்தில் நிலைவேதி என்று பெயர். வாணலியில் தோசை ஒட்டக்கூடாது, சட்டையில் எண்ணெய் பிடிக்கக்கூடாது என்பதற்காக ஒரு காலத்தில் டன் கணக்கில் செய்து தள்ளியது. மண்ணில் மக்காது, தீயில் லேசில் வேகாது, உடம்புக்குள் போனால் வெளியே வருவதற்குள் ஆயுள் முடிந்துவிடும். கடைசியில் எல்லாம் கடலுக்கு வந்து சேர்ந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் அதைச் சாகாச் சனியன் என்பார்கள். மீனில் அது அளவைத் தாண்டுகிறது என்று நான் எழுதியதால்தான் துறைமுகத்தை மூடினார்கள், அதனால் என்னையும் சில சமயம் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் எல்லாம் மாறியது. ஒரு திங்கட்கிழமை, சோதனைக்கென்று மட்டும் கடலுக்குப் போய்வந்த பதினோரு படகுகளின் மீனும் அளவுக்குள் வந்தது. அடுத்த நாளும் வந்தது. ஒரு மாதம் பார்த்துவிட்டுத் துறைமுகத்தைத் திறந்தார்கள். கடல் தேறிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. விசைப்படகுச் சங்கத் தலைவர் கர்டோசா, என் கதவில் குடல் வீசச் சொல்லிக் கொடுத்த அதே கர்டோசா, எனக்கு ரோஜா மாலை போட்டார். ஏற்றுக்கொண்டேன். மூன்று வருடம் காறித் துப்பிய ஊர் மாலை போட்டால் யாருக்குத்தான் கழுத்து நீளாது?

மாலை வாடுவதற்குள் என் மைனி ரோஸ்வின் வந்து கேட்டிருந்தால், மாலை மயக்கத்தில் சொன்னேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். அவள் வந்தது பல மாதம் கழித்து. என் அண்ணன் ஆஸ்வால்டின் மனைவி. இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. இரண்டு முறையும் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தத்தை அளந்து, இந்தச் சனியன் ஏறிக் கிடக்கிறது, மீனை நிறுத்து என்றார்கள். கடற்கரையில் பிறந்தவள், பருப்பும் முட்டையுமாக வருடக்கணக்கில் ஓட்டினாள். துறைமுகம் திறந்த பிறகும் தொடவில்லை. மூன்றாவது பிள்ளை மூன்று மாதம் நின்றதும், வாய் நமநமத்து என்னிடம் வந்தாள்.

"ஏட்டி பெனி, நான் மீன் திங்கலாமாட்டி?"

"பச்சை முத்திரை இருந்தா திங்கலாம் மைனி."

"முத்திரையை விடு. நீ எப்படி அளக்குத, அதச் சொல்லு. எனக்குப் புரியுத மாதிரி சொல்லு."

"இந்தச் சனியன் இல்லாத இடமே இல்ல மைனி. என் கையில, கத்தியில, குப்பியில, மழைத் தண்ணியில கூட இருக்கு. மீன மெஷின்ல வச்சா மீன்ல உள்ளதையும் காட்டும், எங்க அழுக்கையும் சேத்துக் காட்டும். எங்க அழுக்கு எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தான் கழிக்க முடியும்."

"அத எப்படிக் கண்டுபிடிப்பிய?"

"மலையில அரசாங்கப் பண்ணை ஒண்ணு இருக்கு. மூடி போட்ட தொட்டி, வடிச்ச தண்ணி, அளந்த தீனி. அங்க வளருத கெண்டையில இந்தச் சாமான் சுத்தமாக் கிடையாது. பூஜ்ய மீன்னு பேரு. திங்கக்கிழமைதோறும் ஐஸ் பெட்டியில வரும். அதே கத்தி, அதே கை, அதே குப்பி. அதுல மெஷின் என்ன காட்டுதோ, அது எங்க அழுக்கு. கடல் மீன் இருபத்தொண்ணு காட்டி, பூஜ்ய மீன் பதினாறு காட்டினா, மீன்ல நெசமா இருக்கது அஞ்சு. எட்டைத் தாண்டினாத்தான் சிவப்பு."

"பதினாறு அழுக்கா? உங்க ஆபீசு அம்புட்டு நாத்தமா?" என்று மைனி சிரித்தாள்.

நானும் சிரித்தேன். எட்டாவது வரை படித்தவள் ஒரே கேள்வியில் தொட்ட இடத்தை, முனைவர் பட்டம் வாங்கிய நான் சிரித்துக் கடந்தேன். துறைமுகம் மூடியிருந்த காலத்தில் எங்கள் பூஜ்யம் இரண்டு. மீன் தேறிய அதே வாரத்தில் பதினாறுக்கு ஏறியது. எல்லா ஊரிலும் பூஜ்யம் வருடா வருடம் ஏறிக்கொண்டுதான் இருந்தது. இருபது வரை போகலாம் என்று விதிப்புத்தகம் சொன்னது. நல்ல சேதி வரும்போது கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

"சத்தியமாச் சொல்லு" என்றாள் மைனி.

"சத்தியமா. தின்னுங்க."

அன்றிலிருந்து தினமும் மீன்தான்.

இப்போது சூசம்மக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆய்வகத்தில் மீனை வெட்டிச் சதை எடுத்துக் கொடுக்கும் வேலை அவளுக்கு. அவளுக்கு முன்னால் கடைசியாக அந்த வேலைக்கு வந்த வெளியூர் ஆள், கதவில் வழிந்த குடலைப் பார்த்துவிட்டு ஒரே மாதத்தில் மாற்றல் வாங்கிப் போனான். முப்பது வருடம் சந்தையில் மீன் வெட்டிய சூசம்மக்காவை நான்தான் கூப்பிட்டு உட்காரவைத்தேன். ஊர்க்காரி ஒருத்தி உள்ளே இருந்தால் வசவு குறையும் என்பது என் கணக்கு. குறையவும் செய்தது. அவள் கத்தியில் ஒரு முள் தவறாது. அவள் வெட்டு அறையில், நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மெஷினோடு.

போன மாதம் அவள் மகளுக்கு நிச்சயம். ஒரு வாரம் லீவு கேட்டாள், கொடுத்தேன். திங்கட்கிழமை பூஜ்ய மீனை நானே வெட்டினேன். மூடிய தொட்டியிலும் பாசி பிடிக்கும் போலிருக்கிறது, அந்தக் கெண்டையின் சேற்று வாடை சோப்புப் போட்டும் கையை விட்டுப் போகவில்லை. எங்கள் கரையில் ஒருவனைக் குளத்து மீன் என்று சொன்னால் கைகலப்பு வரும். ஏனென்று அன்றைக்குப் புரிந்தது.

பூஜ்யம் இரண்டு காட்டியது. பதினோரு படகின் மீனும் சிவப்பு. கழித்த பிறகு பதினேழு, பத்தொன்பது, இருபது.

மெஷின் மேல் சந்தேகப்பட்டேன். கழுவி, புதுக் குப்பி மாற்றி, திரும்ப ஓட்டினேன். அதே கணக்கு. ஃப்ரீசரில் இருந்த போன வாரத்துச் சதையை எடுத்து ஓட்டினேன். கடல் மீன் போன வாரம் காட்டியதைத்தான் இந்த வாரமும் காட்டியது. கடல் மாறவில்லை. பூஜ்யம்தான் மாறியிருந்தது. காரணம் தெரியாமல் வாயைத் திறக்கப் பயந்தேன். மெஷின் பழுது என்று பலகை மாட்டிவிட்டு, சூசம்மக்கா வரும்வரை மீன் பெட்டிகளை முத்திரை போடாமல் கரையில் நிறுத்தினேன். அதற்கே கர்டோசா இரண்டு தடவை வந்து மேஜையில் தட்டிவிட்டுப் போனார்.

அடுத்த திங்கட்கிழமை சூசம்மக்கா வந்தாள். நான் வெட்டு அறைக்குள் போய் ஒரு ஓரமாக நின்றேன். கடல் மீனை விதிப்படி வெட்டினாள். பிறகு ஐஸ் பெட்டியைத் திறந்து கெண்டையை வெளியே எடுத்தாள், முகத்தைச் சுளித்தாள், துண்டு போட்டாள், தன் சாப்பாட்டுப் பைக்குள் கைவிட்டு ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். கல்லுப்பு. இரண்டு கை நிறைய அள்ளித் துண்டுகளில் போட்டுத் தேய்த்து ஊறவைத்தாள்.

"சூசம்மக்கா, என்ன செய்யுதிய?"

"பாத்தாத் தெரியலியா மேடம்? கழுவுதேன்."

"கடல் மீன இப்படிக் கழுவலியே?"

"அத எதுக்குக் கழுவ? நல்ல மீனு, வாடை கிடையாது. கழுவக்கூடாதுன்னு நீங்கதான் சட்டமும் போட்டிருக்கிய. இது குளத்து மீனு. உப்புல ஊறப்போடாமக் குளத்து மீன எவ வெட்டிக் குடுப்பா? எங்க ஆத்தா பாத்தாக் காறித் துப்புவா."

"இது திங்குததுக்கு இல்லக்கா, மெஷினுக்கு."

"மெஷினுக்குன்னா நாத்தத்தோட குடுக்கணுமோ? என் கை பட்ட மீனுல்லா?"

"எத்தன நாளாச் செய்யுதிய?"

"வந்த நாள்ல இருந்து, பதினாலு மாசமா. நீங்க ஒருநாளாவது எட்டிப் பாத்தியளா? கண்ணாடிக்கு அந்தப் பக்கமில்லா இருந்திய!"

அவள் சொன்னதில் தப்பே இல்லை. பதினான்கு மாதம் நான் எட்டிப் பார்க்கவில்லை. அவளை அறைய வேண்டும் போலிருந்தது. அதைவிட அதிகமாக என்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

"அந்த உப்பு எங்க வாங்குனது?"

"வாங்கவா? எங்க வீட்டுக்காரரு பாத்தியில வாருதது. நம்ம உப்பளத்து உப்பு மேடம். இந்தியா பூரா இதத்தான் திங்குது."

பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு மெஷினுக்குப் போனேன். கடல் தண்ணீரைப் பாத்தியில் பாய்ச்சி வெயிலில் சுண்டவிட்டால் உப்பு. தண்ணீர் ஆவியாகிப் போகும். சாகாத சாமான் எங்கே போகும்? மெஷின் முதல் தடவை அளக்கமாட்டேன் என்று நின்றுவிட்டது. நான்கு முறை தண்ணீர் கலந்து நீர்க்கவைத்த பிறகுதான் எண் வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு. மூன்று வருடம் மீனைப் பூட்டிவைத்தோம். அந்த மூன்று வருடமும் ஊரே கஞ்சியில் இதைப் போட்டுக் குடித்திருக்கிறது.

நேரே மைனியிடம் போனேன். அவள் ஏழு மாத வயிற்றோடு துணி மடித்துக்கொண்டிருந்தாள். மறைக்காமல் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டுக் கேட்டாள்:

"நாலு மாசமாத் தின்னுருக்கேன். இப்ப வந்து சொல்லுதியே, எந்த மாசத்து மீன நான் வாந்தி எடுக்கணும்?"

"மைனி, இனிமே வேண்டாம். அந்த உப்பும் வேண்டாம்."

"சோத்துல என்னத்தப் போட? உன் சர்டிபிகேட்டையா?"

அண்ணன் உள்ளே இருந்து வந்தான். "சத்தியம் பண்ணினியேட்டி. சத்தியம் பண்ணின வாயில மண்ணள்ளிப் போட" என்றான். மைனி அழவில்லை. வயிற்றில் கைவைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அந்தப் பார்வைக்குக் கர்டோசாவின் குடல் வாளி எவ்வளவோ தேவலாம்.

மறுநாள் காலை பச்சை முத்திரையை நிறுத்தி, எல்லாப் பெட்டிக்கும் சிவப்புப் போட்டேன். மதியத்துக்குள் ஊர் திரண்டுவிட்டது. இந்தத் தடவை குடலோடு கல்லும் வந்தது. ஜன்னல் ஒன்று போனது.

"மூணு வருசம் பட்டினி போட்டது பத்தலியாட்டி உனக்கு?" என்று கர்டோசா கத்தினார். "அன்னைக்குப் பச்சை, இன்னைக்குச் சிவப்பு. உன் இஷ்டத்துக்கு ஆட நாங்க என்ன பொம்மையா?"

"அன்னைக்கு நான் போட்டது தப்பு. பூஜ்ய மீன்ல உப்பு சேந்துபோச்சு."

"உப்புல குத்தமா? அடி செருப்பால! கடல் பாழு, மீனு பாழு, இப்ப உப்பும் பாழா? உப்பத் தின்னுட்டுத்தானே நீயும் வளந்த!"

சூசம்மக்காவின் பெயரை நான் சொல்லவில்லை. சொல்லாமலே ஊருக்குத் தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு இரண்டு விசைப்படகு. சாயங்காலமே நிச்சயப் புடவையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் ஆய்வக வாசலில் வந்து நின்று இரண்டு கையாலும் மண்ணை வாரி இறைத்தாள். "நாத்தத்தோடயே வெட்டியிருக்கணும். உங்களுக்கெல்லாம் நாத்தம்தான் லாயக்கு" என்றாள்.

அறிக்கையைத் தலைநகருக்கு அனுப்பிவிட்டு இயக்குநருக்குப் போன் போட்டேன். மணிமொழியன் என்று பெயர், பெயருக்கு ஏற்றாற்போல் நயமாகப் பேசுவார்.

"மீன் ரிப்போர்ட் பார்த்தேன் மேடம். ரொம்பப் பொறுப்பா பண்ணியிருக்கீங்க. ஆனா உப்பைச் சோதிக்கச் சொல்லி உங்களுக்கு யார் உத்தரவு கொடுத்தது?"

"யாரும் இல்ல சார். ஆனா எண்ணைப் பாருங்க."

"பார்த்தேன். கடல் உணவுச் சட்டத்துல உப்பு கிடையாது. உப்பு உணவே இல்ல மேடம், சுவையூட்டி. வேற துறை."

"சார், அந்த உப்பு நாடு முழுக்கப் போகுது."

"அதனாலதான் சொல்றேன்" என்றார். "ரெண்டு நாள் பொறுங்க. நிபுணர் குழு கூடுது. நல்ல தீர்வா வரும்."

பொறுத்தேன். கல்லடியிலும் பொறுத்தேன். மைனிக்காக மலைப் பக்கத்துப் பாறையுப்பு எங்கே கிடைக்கும் என்று ஊர் ஊராக விசாரித்தேன். அது வரத்து நின்று பல வருடமாயிற்று என்றார்கள் கடைக்காரர்கள்.

மூன்றாம் நாள் சுற்றறிக்கை வந்தது. ஒரே பக்கம். அதை இரண்டு தடவை படித்தேன், மூன்றாவது தடவை சத்தமாகப் படித்தேன். "கடலோர மக்கள் உப்பின்றி மீன் உண்பதில்லை. ஆகவே உப்பிலிருந்து வரும் அளவை மீனின் குற்றமாகக் கருதலாகாது. இனி அனைத்துக் கடலோர ஆய்வகங்களிலும், உள்ளூர் வழக்கத்துக்கு இணங்க, பூஜ்ய மீனை உள்ளூர் உப்பில் பத்து நிமிடம் ஊறவைத்த பின்னரே அளக்க வேண்டும். இம்முறையை முதலில் கண்டறிந்த புன்னைமுனை ஆய்வகத்துக்குப் பாராட்டு."

இந்த முறையில் வரும் சான்றிதழில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று எழுதி அனுப்பினேன். அதற்கு அவசியமில்லை என்று பதில் வந்தது. கழித்தல் கணக்கைத் தலைநகரிலிருந்தே மெஷின் போட்டுக்கொள்ளுமாம். அன்று மதியமே பதினோரு படகுக்கும் பச்சை விழுந்தது. கர்டோசா பட்டாசு வெடித்தார். எனக்கு மாலை கொண்டுவந்தார்கள், நான் கதவைத் திறக்கவில்லை. கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போனார்கள்.

சூசம்மக்கா மட்டும் பக்கவாசல் வழியாக வந்தாள். ஏழு ஆய்வகங்களுக்குப் போய் வெட்டுக்காரர்களுக்குப் பழக்கிக் கொடுக்க அவளுக்கு உத்தரவு வந்திருந்தது. புடவையும் திரும்பி வந்துவிட்டதாம்.

"நீங்க தப்புன்னிய மேடம்" என்றாள். "கவர்மெண்டே அதுதான் முறைன்னு எழுதிட்டு. போனது போச்சு, கல்யாணத்துக்கு வந்திருங்க."

"அக்கா, உங்க பேரப்பிள்ளையும் அந்த உப்பத்தான் திங்கும்."

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று பத்திரிகையை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

அங்கிருந்து அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். நான் பயந்தது சரியாகத்தான் இருந்தது. வாசலிலேயே விளமீன் குழம்பு மணத்தது. மைனி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் தட்டு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அந்த நிம்மதியைப் பார்க்கத்தான் எனக்கு நெஞ்சு எரிந்தது.

"வாட்டி, ஒக்காரு. பச்சை முத்திரைதான், பயப்படாத."

"மைனி, அந்த முத்திரை பொய்."

"நீ போட்டப்ப நெசம், கவர்மெண்டு போட்டாப் பொய்யா?"

"நான் போட்டதும் பொய்தான். தெரியாமப் போட்டேன்."

"அப்ப இன்னைக்குச் சொல்லுததும் தெரியாமத்தான் சொல்லுத" என்றாள். குரல் உயரவே இல்லை. "நாலஞ்சு நாளா ஒறங்கல நான். ராவும் பகலும் வயித்துல கைய வச்சு, புள்ள அசையுதா அசையுதான்னு பாத்துக் கெடந்தேன். நீ என்னப் பயங்காட்டிக் கொன்னுட்ட. இனி உன் பேச்சக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல."

என்னிடம் பதில் இருந்தது. எண்கள் இருந்தன, அச்சடித்த தாள் கைப்பையில் இருந்தது. எதை எடுத்து நீட்டினாலும் அவளுக்கு நான் பொய்ச் சத்தியம் பண்ணியவள்தான்.

மைனி இன்னொரு வாய் எடுத்து மென்றாள். "உப்பு ஒரு கல்லு குறையுது. ஏங்க, அந்தச் சாடிய எடுங்க."

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் எழுவதற்குள் நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். அடுப்பு மேடையில் இருந்த உப்புச் சாடியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடி, சாக்கடையில் கவிழ்த்துத் தட்டினேன். அண்ணன் என் தோளைப் பிடித்து, வீட்டுக்குள் இழுத்து, வாசல் வரை தள்ளிக்கொண்டே வந்தான். "இனிமே இந்தப் படி ஏறினேன்னா கால ஒடிச்சுப் போடுவேன்" என்று சொல்லிக் கதவை அடைத்தான்.

தெருவில் நின்று செருப்பைத் தேடினேன். ஒன்று கிடைத்தது, இன்னொன்று உள்ளேயே கிடந்தது போல. கொல்லைப் பக்கம் மைனி பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடும் குரல் கேட்டது. சந்து வழியாக எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அற்புதமேரி ஒரு கிண்ணம் நிறைய உப்போடு சுவரோரம் வந்தாள். கைக்குக் கை உப்புக் கொடுத்தால் சண்டை வரும் என்று, கிண்ணத்தைச் சுவர் மேல் வைத்தாள். அண்ணன் வந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.